தவளைக் கச்சேரியும் ராம்நாடு கிருஷ்ணனும்

எட்மன்டன், கனடா
மார்கழிக் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொல்லலாம்தான். ஆனால் காலமெல்லாம் மைக் செட் போட்டுக் கூம்பு ஸ்பீக்கருக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்த உங்கள் காதில் பாதிதான் விழும். விழாத பாதியை அத்தை தன் இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிவிடுவார்கள். அதனால்தான் காகிதம்.

இன்னொரு காரணமும் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உங்கள் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "செத்துப்போனவங்க வீட்டுக் குப்பையை எல்லாம் காசு குடுத்து வாங்கியாந்து பேஸ்மென்ட்டை ரொப்புறாரு" என்றிருப்பாள். செத்துப்போனவர்கள் வீட்டுச் சாமான் என்பது உண்மை. காசு கொடுத்ததும் உண்மை. குப்பையா இல்லையா என்பதற்கு மட்டும் நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். பரமக்குடியில் ரிக்கார்டுக்குத் தீர்ப்புச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இங்கே த்ரிஃப்ட் ஸ்டோர் என்று ஒரு வகைக் கடை. நம்மூரில் பழைய சாமான் என்றால் தள்ளுவண்டிக்காரர் வருவார், தராசில் போடுவார், பேரீச்சம்பழம் கொடுப்பார். கொடுத்தவன் வாயில் இனிப்பாவது மிஞ்சும். இந்த ஊர்க்காரர்கள் வேண்டாததை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கடையின் பின்வாசலில் இலவசமாக இறக்கிவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வருகிறார்கள். அதே சாமான் மறுநாள் விலைச்சீட்டோடு முன்வாசலில் நிற்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு வயசு நூறுக்கு மேல். 1902-ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் வசதியான வீடுகளில் பழைய துணியும் சாமானும் வாங்கி, ஏழைகளுக்கு வேலை கொடுத்து அவற்றைச் சீர்செய்து விற்றார். அதுதான் இன்று ஊருக்கு ஊர் கிளை பரப்பியிருக்கும் குட்வில். தர்ம ஸ்தாபனம் நடத்தும் கடையும் உண்டு, லாபத்துக்கு நடத்துகிறவர்களும் உண்டு. அந்துருண்டை வாசனை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

மைனஸ் முப்பதில் பஸ்ஸுக்கு நிற்கிறவன், எதிரே ஹீட்டர் போட்ட கடை இருந்தால் நுழைவானா மாட்டானா? நான் நுழைந்தது அப்படித்தான். அடுத்தடுத்து நுழைந்தபோது வெயில் அடித்தது என்பது உங்கள் மகளின் வாதம்.

ரிக்கார்டுகளை இவர்கள் வைக்கிற இடம் கடையின் கடைசி மூலை. பூச்சட்டிகளைத் தாண்டி, ஜோடி தொலைத்த ஸ்கேட்டிங் ஷூக்களைத் தாண்டி, தரையோடு ஒட்டிய அடித்தட்டு. நம்மவர்களுக்கு இதில்தான் பெரிய வசதி. வெள்ளைக்காரர் மண்டி போட்டுப் பார்ப்பார், ஐந்து நிமிஷத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். நான் குத்தவைத்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அசைய மாட்டேன். கனடாவில் என் வளர்ப்பு எனக்கு நேரடியாகக் கைகொடுத்த ஒரே இடம் அந்த மூலைதான். அப்புறம் நீங்கள் கற்றுக்கொடுத்த வித்தை: தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பில் மட்டும் பிடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்ப்பது. நான் அப்படிச் செய்வதைக் கண்ட கடைப் பையன், யாரோ பெரிய வியாபாரி வந்திருக்கிறான் என்று நினைத்து எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து கொடுத்தான்.

எந்தப் பேட்டையில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் கையில் அகப்படுவது அதே ஆட்கள்தான். மான்டோவானியின் வயலின் பட்டாளம், மிட்ச் மில்லரின் சேர்ந்திசை, ஆன் மரே, சலிக்கச் சலிக்கக் கிறிஸ்துமஸ் பாட்டு, அப்புறம் ஹெர்ப் ஆல்பர்ட். இந்த ஆல்பர்ட் லாஸ் ஏஞ்சலீஸ்காரர், யூதக் குடும்பம். மெக்சிகோ எல்லையில் எருதுச் சண்டை பார்த்துவிட்டு வந்து, வீட்டு காரேஜில் இரண்டு ட்ரம்பெட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து, மெக்சிகோக்காரர் இல்லாமலே ஒரு மெக்சிகோ பாண்டு கட்டிவிட்டார். 1965-ல் அவர் போட்ட 'விப்ட் கிரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்' அமெரிக்காவில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் விற்றது. இசைக்காக எத்தனை, அட்டைக்காக எத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. அட்டையில் ஒரு பெண் கழுத்துக்குக் கீழே முழுக்க வெள்ளைக் கிரீமை மட்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

உங்கள் மகள் என் பையைத் திறந்ததும் முதலில் எடுத்தது அதைத்தான்.

"இது என்ன கண்றாவி?"

"ட்ரம்பெட் ரிக்கார்டும்மா."

"ட்ரம்பெட் எங்க?"

படத்தில் ட்ரம்பெட் இல்லை. நான் வரலாற்றை எடுத்துச் சொன்னேன்: அது பெரும்பாலும் ஷேவிங் கிரீம்தான், நிஜக் கிரீம் விளக்குச் சூட்டில் உருகிவிடும், தவிர, டலோரஸ் எரிக்சன் என்ற அந்த மாடல் படம் எடுத்தபோது மாசமாக இருந்தார். "மாசமா இருக்குற பொண்ணை ஒக்கார வச்சு சோப்பு நுரையை அப்புனாங்களா? வெளங்குவானுங்களா?" என்று கோபம் என்னை விட்டு போட்டோ எடுத்தவன் பக்கம் திரும்பியது. மறுநாள் சமையலறையில் அந்தத் தட்டுதான் ஓடியது. நல்ல வாசிப்பு மாமா, நம்மூர் பாண்டு செட்டு மாஸ்டர் கேட்டால் எழுந்து நிற்பார்.

கே-டெல் என்று ஒரு கம்பெனி தட்டும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். வின்னிபெக்கில் பிலிப் கைவ்ஸ் என்பவர், டிவியில் ஒட்டாத தோசைக்கல்லும் காய்கறி வெட்டும் கருவியும் விற்றுக்கொண்டிருந்த கையோடு, ஹிட் பாட்டுகளைத் திரட்டி ஒரே தட்டில் அடைத்து விற்றார். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. பாட்டின் வாலை வெட்டி, கோடுகளை நெருக்கி அடைத்தால் சத்தம் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் போட்டால் பெண் வீட்டார் காசு கொடுக்காமல் அனுப்பிவிடுவார்கள்.

இங்கே ஒரு விசித்திரக் கணக்கு இருக்கிறது மாமா. ஊரே சேர்ந்து வாங்கிய தட்டு, ஊரார் வயசாகிப் போய்ச் சேரும்போது ஊரே சேர்ந்து வெளியே தள்ளுகிறது. அதனால் அன்று அமோகமாக விற்றதற்கு இன்று மூன்று டாலர்கூட அதிகம். அன்று ஈ ஓட்டியதற்குத்தான் இன்று ஆள் அலைகிறான். இந்தக் கணக்கு வாழ்க்கையில் வேறு எங்கும் செல்லுபடியாகாததால்தான் என்னைப் போன்றவர்களுக்கு இந்த மூலை இவ்வளவு பிடித்திருக்கிறது.

ஒன்றும் விற்காததற்கு உதாரணம் சொல்கிறேன். 1976-77-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லாங்லி என்கிற ஊரில் ஹான்ஸ் ஃபெங்கர் என்ற பாட்டு வாத்தியார், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளை உடற்பயிற்சிக் கூடத்தில் நிறுத்தி, அப்போதைய ராக் பாட்டுகளைப் பாட வைத்துப் பதிவு செய்தார். தட்டு சில நூறுதான் அடித்தார்கள், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் காணுமளவுக்கு. நம் பள்ளி ஆண்டு விழாவை யாராவது ரிக்கார்டு போட்டிருந்தால் யார் வாங்குவார்கள், அவ்வளவுதான் அதன் வியாபாரம். 2000-ல் விக்டோரியா நகரத்துப் பழைய சாமான் கடையில் ஒரு சேகரிப்பாளர் கையில் அது அகப்பட்டது. மறு வருஷமே சிடியாக வந்து உலகம் சுற்றியது. டேவிட் போவியே தன் பாட்டை அந்தப் பிள்ளைகள் பாடியதைக் கேட்டு அசந்துபோனார். நானும் கேட்டேன். பாதிப் பிள்ளைகள் சுருதியில் இல்லை. அந்தப் பாதிதான் மனசைப் பிடிக்கிறது.

நம் எட்மன்டனுக்கும் ஒரு கதை உண்டு. 1983-ல் 'லூயிஸ்' என்ற பெயரில் ஒருவர், மெல்லிய குரலில், பாடுகிறாரா முணுமுணுக்கிறாரா என்று தெரியாமல் 'லமூர்' என்று ஒரு தட்டு போட்டார். யாரும் வாங்கவில்லை. 2007-ல் இதே ஊர்ச் சந்தை ஒன்றில் ஒரு சேகரிப்பாளர் அதைக் கண்டெடுத்தார். 2014-ல் அது மறுபடி வெளியாகி, பத்திரிகைகள் ஆளைத் தேட ஆரம்பித்தன. கடைசியில் கம்பெனிக்காரர்கள் அவரைக் கனடாவிலேயே கண்டுபிடித்து, உங்கள் பங்குப் பணம் என்று நின்றால், மனுஷர் அதில் நாட்டமே காட்டவில்லையாம். உங்கள் மகளிடம் இந்தக் கதையை உருகி உருகிச் சொன்னேன். "பணம் வேணாம்னு சொன்ன ஆளு கதையை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டாள்.

சரி, எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

இந்த ஆல்பர்ட்டா பக்கம் உக்ரைன்காரர்கள் ஏராளம். 1891-ல் இரண்டு பேர் முதலில் வந்து நிலம் பார்த்தார்கள், பின்னாலேயே ஊர் ஊராகக் கிளம்பி வந்து கோதுமை போட்டார்கள். அவர்கள் பேரன் பேத்திகள் காலத்தில், 1960-களில், வின்னிபெக்கில் வி ரிக்கார்ட்ஸ் என்று ஒரு கம்பெனி உக்ரைனியப் பாட்டாகவே போட்டுத் தள்ளியது. மிக்கி, பன்னி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி ஜோடி அமெரிக்க நாட்டுப்பாட்டை உக்ரைன் மொழியில் பாடிச் சக்கைப்போடு போட்டது. டி-டிரிஃப்டர்ஸ்-5 என்று ஒரு இளவட்டக் கோஷ்டி இன்னும் ஒரு படி மேலே போய், பீட்டில்ஸ் பாட்டுகளையும் அப்போதைய மற்ற ஹிட்களையும் உக்ரைன் மொழியில் பாடி ஒரு முழு நீளத் தட்டே போட்டது. அது என் கையில் வந்தது. கேலிக்குப் பாடியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் ஊசியை வைத்தேன். கேலியே இல்லை மாமா. பயபக்தியோடு பாடியிருக்கிறார்கள்.

கடையிலேயே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ஒரு பாட்டி, அட்டையைக் கண்டதும் கையைத் தட்டிச் சிரித்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் இது ஓடியதாம். ரேடியோவில் பீட்டில்ஸ் வந்தால் "குரங்குச் சத்தத்தை நிறுத்து" என்று கத்துவாராம் அவர் தாத்தா. அதே பாட்டைத் தன் மொழியில் கேட்டதும், "இது நல்ல பாட்டு, இதைத்தான் அந்த வெள்ளைக்காரப் பயல்கள் திருடியிருக்கிறார்கள்" என்று முடிவு கட்டிவிட்டாராம். தாத்தாவும் வெள்ளைக்காரர்தானே என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை. பாட்டிக்கே தட்டைக் கொடுத்துவிடலாமா என்று நீட்டினேன். அவர் வேண்டாம் என்றார். பிளேயர் இல்லை, அதைத்தான் இந்தக் கடைக்குக் கொடுக்க வந்தாராம். அந்தப் பிளேயரையும் நானே வாங்கிக்கொண்டேன். பேஸ்மென்ட் பற்றி உங்கள் மகள் எழுப்பிய புகாரில் இது முக்கியமான அயிட்டம்.

அடுத்த அயிட்டம் தவளை.

சிரிக்காமல் படியுங்கள். 'வட அமெரிக்கத் தவளைகளின் சத்தங்கள்' என்று 1958-ல் ஃபோக்வேஸ் கம்பெனி போட்ட தட்டு. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சார்லஸ் போகர்ட் என்ற விஞ்ஞானி, 57 இனத் தவளை, தேரைகளின் குரலைப் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு தவளையையும் முறையாக அறிமுகம் செய்துவைத்து, இன்ன ஊர், இன்ன குளம், இன்ன காரணத்துக்காகக் கத்துகிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். தவளை பாடுகிறது. நம் கண்மாயில் ஐப்பசி ராத்திரி ஓசிக்குக் கேட்டதைத்தானே காசு கொடுத்து வாங்கினாய் என்பீர்கள். கண்மாயில் யார் பாடுகிறார் என்று யாராவது எனக்குச் சொன்னார்களா?

இந்த ஃபோக்வேஸை நடத்திய மோசஸ் ஆஷ் ஒரு அதிசயப் பிறவி. 1948-ல் ஆரம்பித்து, விற்கிறதோ இல்லையோ, ஒரு தட்டு போட்டால் அதைப் பட்டியலை விட்டு எடுக்கவே மாட்டேன் என்று கடைசிவரை நின்றார். நாட்டுப்பாட்டும் கவிதையும் போட்ட அதே கையால் பழைய இரும்புக் கடைச் சத்தத்துக்கு ஒரு தட்டு, ஆபீஸ் சத்தத்துக்கு ஒரு தட்டு என்று 1964-ல் போட்டார். டைப்ரைட்டர் சத்தம் கேட்க யார் காசு கொடுப்பார்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்று அந்தச் சத்தம் வேறு எங்கே கேட்கும்? 1986-ல் அவர் கண் மூடினார். மறு வருஷம் அமெரிக்க அரசின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இரண்டாயிரத்துச் சொச்சம் தட்டுகளையும் ஏற்றுக்கொண்டது, ஒன்றையும் கைவிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் மகன் எங்கள் ஊர் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியராக இருந்தார். அந்த உறவில் 1985-ல் முழு செட் ஒன்று இங்கே வந்துசேர்ந்தது. ஆக, இந்தப் பனிக்காட்டில் தவளைக்கு ஆதரவு பலமாகவே இருக்கிறது.

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

போன வாரம் அதே மூலை. இரண்டு ஆன் மரேக்கு நடுவே ஒரு அட்டை. அதில் இங்கிலீஷில் 'ராம்நாடு' என்று எழுதியிருக்கிறது. நான் "ஏய்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்தில் சட்டை பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டையைக் கீழே போட்டுவிட்டார். ராம்நாடு கிருஷ்ணன்! 'வித்வான்' என்றே தலைப்பு. 1968, நான்சச் கம்பெனி. ஒரு சாதா அட்டைப் புத்தகத்தின் விலைக்கு நல்ல சங்கீதத்தை விற்பது என்று தொடங்கிய கம்பெனி அது. கடைப் பையனிடம் "இது எங்கள் ஜில்லா" என்று விளக்கினேன். "உங்கள் சொந்தக்காரரா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

ஆலப்புழையில் பிறந்து, நம் ராமநாதபுரத்தைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட கர்நாடக சங்கீதப் பாடகர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த காலத்தை ஒட்டி வந்த தட்டு இது. நம் சங்கீதம் கற்றுப் பாடிய அமெரிக்கர் ஹிக்கின்ஸ் பாகவதர் கிளம்பிவந்த அதே பல்கலைக்கழகம். வயலின் அவர் தம்பி தியாகராஜன். மிருதங்கம் ரங்கநாதன், நாட்டிய மேதை பாலசரஸ்வதி அம்மாளின் தம்பி. உறைக்குள் ஒரு தாள். அதில் யாரோ ஒரு வெள்ளைக்கார மாணவர் பென்சிலில் தாளம் எண்ணிக் கோடு போட்டிருக்கிறார். எட்டு, எட்டு, எட்டு என்று ஒழுங்காகப் போய், ஒரு இடத்தில் "இங்கே தொலைந்துபோனேன்" என்று இங்கிலீஷில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அதற்கப்புறம் கோடே இல்லை. பாக்கிக் கச்சேரியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அதே இடத்தில்தான் தொலைந்தது.

அவசரமே இல்லாத பாட்டு மாமா. சினிமாப் பாட்டு நாலு முடிகிற நேரத்தில் அவர் ஒரு ராகத்தின் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறார். வெளியே பனி, உள்ளே உங்கள் மகள் இட்லி மாவு அரைக்கிற சத்தம். கிரைண்டரை அவளே நிறுத்தினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சேதி கேளுங்கள். வெஸ்லியனில் அந்த இசைத் துறையைக் கட்டி எழுப்பிய ராபர்ட் பிரவுன், ஜாவாவில் அரண்மனை கமெலான் இசையைப் பதிவு செய்தார். அதுவும் இதே நான்சச் வரிசையில் 1971-ல் வந்தது. 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் தங்கமுலாம் பூசிய தட்டு ஒன்றை அனுப்பினார்களே, அதில் அந்த ஜாவா பதிவும் போயிருக்கிறது. வேற்றுக்கிரகத்துக்காரன் வீட்டில் பிளேயர் இருக்காதே என்று நாசாக்காரர்கள் யோசித்து, கார்ட்ரிட்ஜையும் ஊசியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் வாடிக்கைக்காரர் யாராவது ஊசிக்குக் காசு கொடுத்ததுண்டா? அந்தத் தட்டின் வேகம் நிமிஷத்துக்கு 16 2/3 சுற்று. உங்கள் பழைய பிளேயரில் 16, 33, 45, 78 என்று நாலு நம்பர் இருக்கும். 16 எதற்கு என்று சின்ன வயசில் நான் கேட்டபோதெல்லாம் "அது சும்மா, கையை எடு" என்பீர்கள். சும்மா இல்லை. அது திரும்பி வந்தால் பரமக்குடியில் போட்டுக் கேட்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குடோனைக் காலி செய்து பெரியவன் மொபைல் கடை போடப்போகிறான் என்று கேள்விப்பட்டேன். நல்லது, போடட்டும். ஆனால் ரிக்கார்டுப் பெட்டிகளைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட வேண்டாம். திருவிளையாடல் வசனத் தட்டு ஊரெல்லாம் இருக்கும், அது போனால் போகட்டும். கீழே கிடக்கும் பெயர் தெரியாத தட்டுகள், உள்ளூர் நாடகக்காரர்கள் பாடியது, அரசியல் கட்சிப் பாட்டு, லேபிள் கிழிந்தது, இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். 78 சுற்றுத் தட்டுகளைப் படுக்கப்போடாமல் நிறுத்தி வையுங்கள். அரக்குத் தட்டு, விழுந்தால் சில்லுச் சில்லாகும். உலகம் முழுக்க அந்தத் தட்டுக்கு அரக்கு போனதே பெரும்பாலும் நம் நாட்டிலிருந்துதான். யுத்த காலத்தில் கப்பல் வராமல் அமெரிக்காக்காரன் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கியிருக்கிறான். நாம் இருக்கிறதை உருக்க வேண்டாமே.

அத்தையிடம் சொல்லுங்கள், அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது. எனக்கு முட்டிவலி ஏதுமில்லை, குத்தவைத்து உட்காருவதால்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு: அந்த உக்ரைன் பாட்டி மறுபடி வந்தார். ஆல்பர்ட்டாவில் மாடு மேய்த்துப் பாடகரான வில்ஃப் கார்ட்டரின் தட்டு ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தார். தொண்டையை உடைத்து உடைத்து 'யோடல்' பாடுகிறவர். எங்கள் ஊரிலும் சந்திரபாபு என்று ஒருவர் இதைப் பாடினார் என்று சொன்னேன். பாட்டி நம்பவில்லை, பந்தயம் கட்டியிருக்கிறார். உங்களிடம் சந்திரபாபு தட்டு இருக்கிறதே, சின்ன சைஸ், அதை அடுத்த மாதம் வருகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். அப்பளக் கட்டுக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள். அப்பளம் உடைந்தால் பரவாயில்லை.